நாலாவது பிரிவு

வக்கீல் தம்புர்லினி அம்மாள் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தில்
நாலாவது பிரிவு இப்படிச் சொன்னது:
ஜாஸும் அதைச் சேர்ந்தவையும் டிராகோவுக்கு.
நாட்டுப்புற இசையும் அதைச் சேர்ந்தவையும் நிவெஸுக்கு.
காபி இயந்திரத்தை விற்று ஆளுக்குப் பாதி.
பூனையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

'அதைச் சேர்ந்தவை' என்பதை
அந்த அம்மாள் யோசிக்காமல் எழுதியிருப்பார்.
அந்தச் சொல்லுக்குள்
நான் பதினோரு நாள் குடியிருந்தேன்.

த்ரியெஸ்தேயில் பிப்ரவரி.
போரா காற்று குடைகளை முறித்துத்
தெருவெல்லாம் எலும்பாகப் போட்டிருந்தது.
கடைக்குள் நாலாயிரத்துச் சொச்சம் இசைத்தட்டுகள்.
சிவப்புத் துண்டு ஒட்டினால் அவனுக்கு,
பச்சை ஒட்டினால் அவளுக்கு.
எனக்கு மணிக்கணக்கில் கூலி,
அதுவும் ஆளுக்குப் பாதி.

முதல் நாள் கை தானாக ஒட்டியது.
சந்தேகமில்லாத தட்டுகளெல்லாம்
முதல் நாளே தீர்ந்துபோயின.

இரண்டாம் நாள் ஒரு கல்யாணக் குழு,
இஸ்த்ரியாவில் ஏதோ மண்டபத்தில் பதிவு செய்தது.
கொஞ்ச நேரம் போல்கா, தட்டும் கரண்டியும்,
யாரோ ரொட்டி கேட்கிறார்கள்.
திடீரென்று கிளாரினெட்காரனுக்கு என்ன ஆயிற்றோ,
மெட்டின் கையை உதறிவிட்டுத்
தன்பாட்டில் எங்கோ போகிறான்.
தாளம் மட்டும் அவன் சட்டையைப் பிடித்தபடி
பின்னாலேயே ஓடுகிறது.

பச்சை ஒட்டினேன். கிழித்தேன். சிவப்பு.
எந்த நொடியில் எல்லை என்று
ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன்.
போருக்குப் பிறகு இந்தப் பக்கம் கோடு போட்டவர்களும்
இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பார்கள்.
எங்கள் மாமா வீட்டுக் கோழிக்கூடு
ஆறு வருடம் வேறு நாட்டில் இருந்தது.
முட்டை என்னவோ முட்டைதான்.

டிராகோவுக்குப் போன் போட்டேன்.
"தாளத்தோடு சண்டை போட்டால் ஜாஸ்" என்றான்.
நிவெஸுக்குப் போட்டேன்.
"வாசிப்பவனைப் பேர் சொல்லிக் கூட்டத்தில் யாராவது கத்தினால்
அது என்னுடையது" என்றாள்.
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அவன் சண்டை போட்ட அதே நொடியில்
பின்னாலிருந்து ஒரு பெண் "யோஷ்கோ!" என்று கத்துகிறாள்.

அதற்கப்புறம் எல்லாமே அப்படித்தான்.
டிரம் இயந்திரத்தோடு பாடும் ஒரு தேவாலயக் குழு.
எங்கள் மூவருக்குமே படிக்கத் தெரியாத எழுத்தில் ஓர் உறை,
அதை அட்டைக்காரனின் மீசையை வைத்து முடிவு செய்தேன்,
அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.
இன்னொன்றில் ஒருத்தி
பிள்ளையைத் தூங்க வைக்கிறாளா, பிணத்தருகே அழுகிறாளா
என்றே பிடிபடவில்லை.
தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஒரே மூச்சுதான்,
விடும் இடம்தான் வேறு.

ஒன்பதாம் நாள் அகப்பட்டது அந்தச் சின்னத் தட்டு.
ஒரு பக்கம் மீன் டப்பா தொழிற்சாலைப் பெண்கள் பாடுகிறார்கள்.
மறுபக்கம் அதே பெண்கள், அதே பாட்டு;
ஒரு பாஸும் இரண்டு குச்சியும் கூட வந்து சேர்ந்துவிட்டன.
ரம்பத்தால் அறுத்தாலும்
தடிமனில்தான் அறுக்க வேண்டும்.

இருவரையும் வரச் சொன்னேன்.
கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டார்கள்.
டிராகோவின் குதிகால் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.
நிவெஸ் இரண்டாம் குரலை
உதடு திறக்காமல் பாடினாள்.
தட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் கரகரத்தது.
யாரும் அதை எடுக்கவில்லை.
பிறகு காபி இயந்திரத்தைப் பற்றி
முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.

கடைசி நாள் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
கடையைப் பூட்டினேன்.
திருட்டா, பாக்கிக் கூலியா, தத்தெடுப்பா?
பூனையும் கூடவே வந்தது,
அதற்கும் தலைப்புத் தெரியவில்லை.

வீட்டில் அந்தத் தட்டு
உப்பு ஜாடிக்கும் தொலைபேசிப் புத்தகத்துக்கும்
நடுவில் நிற்கிறது.
கேட்பவர்களிடம் காரணம் சொல்கிறேன்:
அங்கே அந்த அளவுக்கு இடம் இருந்தது.