பதினொன்றிலிருந்து பதினான்கு வரை

முப்பத்தாறு படம், எழுநூற்றைம்பது ரூபாய்.
ஒரு க்ளிக்குக்கு இருபது ரூபாய்ச் சொச்சம் என்று
காசிமேட்டு ஏலத்துக்கு நடுவே நின்று
மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நண்டுக் கூடையை இறக்கிவிட்டு
"எடுத்தியா? காட்டு" என்றாள் அஞ்சலாட்சி.
காட்ட ஒன்றுமில்லை.
கேமராவின் முதுகில் வெறும் கருப்புத் தோல்.
கழுவி வரப் பத்து நாள் ஆகும் என்றேன்.
"பத்து நாளா!
எம் மீனு பத்து மணி வெயிலே தாங்காது."

பையில் போன் இருந்தது,
அதில் நாலாயிரம் படம்,
எதையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை.
அதை அவளிடம் சொல்லவில்லை.

உள்ளேதான் எங்கோ இருக்கிறாள் என்று
லோகித் மட்டும் நம்பினான்.
ஐஸ் உடைக்கிற இடத்தில்
நான் டீக்குத் திரும்பிய நேரம்
பின்மூடியைத் திறந்துவிட்டான்.
"ஒண்ணுமே இல்லக்கா,
பழுப்பு ரிப்பன்தான் கீது."

நாலு படம் போயிருக்கும், எண்பது ரூபாய்,
இல்லை, அதற்கும் மேலே

பதின்மூன்றாம் நாள் மெயிலில் வந்தது ஸ்கேன்.
விசைப்படகுகள் சரி. வலைக் குவியல் சரி.
பதினொன்றிலிருந்து பதினான்கு வரை
ஆளில்லை, கூடையில்லை,
செம்மஞ்சள், மேலும் செம்மஞ்சள்,
பதினான்கின் ஓரத்தில்
வளையல் போட்ட ஒரு கை.

அஞ்சலாட்சி போனை வாங்கி
செதில் ஒட்டிய இரண்டு விரலால்
அகட்டி அகட்டிப் பார்த்தாள்.
"எம்மூஞ்சி எங்க?"
வெயில் தின்னுடுச்சு.
"சரி, அனுப்பு."

மறுநாள் அவள் ஸ்டேட்டஸில்
அதே செம்மஞ்சள்.
கீழே எழுதியிருந்தாள்:
நான்தான். நண்டு கிலோ நானூறு.