இருபத்து மூன்று

வெண்ணாற்றில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
கொரடாச்சேரி ரயில்வே கேட்டில் எண்ணினேன்,
இருபத்து மூன்று.
கரையில் நிறுத்தி மறுபடி எண்ணினேன்.
சரி.

கோடையில் மணல் அள்ளிய இடம் எதுவென்று
ஆற்றுக்குத் தெரியும், சொல்லாது.
முழங்கால் ஆழம் சிரித்தபடி ஓடும்,
ஓரடி தள்ளினால் லாரி நின்ற பள்ளம்.
முந்தின நாளே கணபதியும் நானும்
மூங்கில் கழியால் குத்திக் குத்திப் பார்த்து
நீலக் கயிறு கட்டியிருந்தோம்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் ஆறு என்றேன்.
"அப்ப அந்தப் பக்கம் ஓடுறது என்னக்கா?"
ரியாஸுக்குச் சொல்ல
என்னிடம் பதில் இல்லை.

ஒரு விசில்: நில்.
இரண்டு: ஜோடியின் கையைப் பிடி.
மூன்று: கரையேறு.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
சுகிர்தாவும் ஆட்டினாள்,
எல்லோரும் ஆட்டுகிறார்களே என்று.

ஜோடி சேர்ப்பது எண்ணுவதைவிடக் கடினம்.
விட்டால் மேலத்தெரு மேலத்தெருவோடு நிற்கும்,
தண்ணீர் பாட்டில்கூடத் தனித்தனி.
சீட்டுக் குலுக்கினேன்.
இளம்பரிதி பிரித்துப் படித்துவிட்டு
தவறியதுபோல் மணலில் விட்டான்.
எடுத்துத் துடைத்து அதையே கொடுத்தேன்.
அருள்தாஸ் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்,
சீட்டை அல்ல,
என்னை.

மூன்று விசில் ஊதியபோது
இருபத்து இரண்டு.
மறுபடியும் இருபத்து இரண்டு.
வயிற்றுக்குள் ஒரு மதகு திறந்தது.

சுகிர்தா இடுப்பளவு நீரில்
எங்களுக்கு முதுகைக் காட்டி
உள்ளங்கையில் கெண்டைக்குஞ்சு ஒன்றை
ஏந்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கயிற்றுக்கு இரண்டு முழம்.
அவள் காதில் மாட்டும் கருவி
என் பையில், டிபன் டப்பாவுக்குள்
பத்திரமாக இருந்தது.
நனையக்கூடாது என்று நான்தான்
கழற்றி வாங்கி வைத்தேன்.
அவள் ஜோடி வைரமணி கரையில் நின்றாள்.
மூன்று என்றால் கரையேறு.
சொன்னபடிதான் செய்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை விசில் இல்லை.
கழியின் நுனியில் கணபதியின் சிவப்புத் துண்டு.
முதலில் பார்ப்பவர் ஜோடியின் தோளைத் தொட வேண்டும்,
தொட்ட கையோடுதான் கரையேற வேண்டும்.
முதலில் பார்ப்பது எப்போதும் சுகிர்தாதான்.
மற்றவர்களுக்குப் பேச்சு ஓய்ந்தால்தானே.

மாலையில் ரைஸ்மில்காரர் வந்தார்,
மஞ்சள் பனியன்கள் வாங்கித் தந்தவர்.
"வைரமணிய நான் வண்டியில விட்டுர்றேன்,
போற வழிதானே."
கூட இன்னொருத்தர் வேணுங்க என்றேன்.
"என்னையா சந்தேகப்படுறே?"
இல்லைங்க,
என்னைத் தனியா அனுப்பறதுக்கும்
இதேதான்.
வண்டியை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது.
அடுத்த வருடம் பனியன் வராது.
போகட்டும், பழைய சட்டையிலும்
இருபத்து மூன்றுதான்.

நோட்டில் பெயருக்கு நேரே எழுதுகிறேன்.
சுகிர்தா: அம்மா கையில், ஆறு பத்து.
ரியாஸ்: அண்ணன் கையில், ஆறு இருபது.
அருள்தாஸை இளம்பரிதி வீட்டில் பார்க்கவில்லை,
இளம்பரிதியை அருள்தாஸ் வீட்டிலும்.
தெருமுனை வரை
சேர்ந்து வந்தார்கள்.

வைரமணி வீடு பூட்டியிருக்கிறது.
நடவு முடியவில்லை போல.
வாசற்படியில் நான்,
சைக்கிள் கேரியரில் கணபதி,
நடுவில் அவள்,
கொசுவை அடித்து அடித்து எண்ணுகிறாள்.
கட்டத்தில் இன்னும்
எதுவும் எழுதவில்லை.