பேட்டரித் துட்டு

இருநூற்று எண்பத்தேழாம் இதழ்வரை
காந்தக்கையன் படியிறங்கி நான் பார்த்ததில்லை.
மொட்டைமாடியில் நிற்பான், அடுத்த கட்டத்தில் தெருவில் நிற்பான்.
நடுவில் என்ன நடந்ததென்று
ரத்தினதுரை எழுதியதில்லை.
நானும் கேட்டதில்லை.

இருநூற்று எண்பத்தெட்டில்
நாலு பக்கம் இறங்குகிறான்.
சுவரைப் பிடித்துக்கொண்டு,
இடது முழங்காலை மடக்காமல்.
எழுத்து: பி. இமெல்டா என்று
அட்டையின் உள்பக்கம், அச்சக முகவரிக்கு மேலே
எறும்பு அளவில் இருந்தது.

படம் போடுகிறவர் பழைய ஆள்தான்.
அதே மோவாய், மோவாயில் அதே வெட்டு.
வாய்க்குள் இருந்த ஆள்தான் மாறிப்போனார்.
'பயப்படாதே' என்று சொல்லவேண்டிய இடத்தில்
'சாப்பிட்டாச்சா?' என்கிறான்,
கட்டிடம் சரிந்துகொண்டிருக்கிறது.

மேலப்பாளையத்திலிருந்து மசூது போன் போட்டான்.
'வே, இவன் காந்தக்கையனா கம்பவுண்டரா?
மாசம் நூத்தம்பது ரூவா குடுத்து
மூட்டுவலியை வாங்கணுமா?
அதுதான் எங்க வீட்டுலயே கெடக்கே.'
சந்தாவை நிறுத்திவிட்டதாகச் சொன்னான்.

நான் நிறுத்தவில்லை. விசுவாசமெல்லாம் ஒன்றுமில்லை.
பணகுடி கொரியர் பையன் வண்டியை அணைக்காமலே
'அண்ணாச்சி, பொம்மப் பொஸ்தகம்' என்று கத்துவான்.
அது இல்லாமல் ஒரு மாதம் எப்படி முடியுமென்று
எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வேலை காற்றாலையில்.
எண்பது மீட்டர், உள்ளே இரும்பு ஏணி, இடுப்பில் வார்.
ஏறப்போகும்போது ஆடு மேய்க்கிறவர்கள் வாய்பிளப்பார்கள்.
இறங்கி வருவதை நின்று பார்த்தவர் யாரும் கிடையாது.
முழங்காலைப் பற்றி இந்த இமெல்டாவுக்கு
யார் சொல்லியிருப்பார்கள் என்று
ஒருநாள் அறுபதாவது மீட்டரில் நினைத்தேன்.
அப்புறமும் திட்டிக்கொண்டுதான் வாசித்தேன்.
அந்தப் பாதாள நகரத்துக் கதையை
அவர் எழுதியிருக்கவே கூடாது, இப்போதும் சொல்வேன்.

ஆடியில் மேலே போகமுடியாது.
கட்டுப்பாட்டு அறையின் தகரம் படபடக்க
முந்நூற்று நாலைப் பிரித்தேன்.
ஒன்பதாம் பக்கம்.
அணை. இரவு.
மதகின்மேல் ஒரு கிழவர், கையில் எரிகிற டார்ச்.

அவரை எனக்குத் தெரியும்.
நாற்பத்தொன்றாம் இதழ், வெள்ளம் வந்த ராத்திரி,
'அணைக்காமல் பிடித்திருங்கள், இதோ வந்துவிடுகிறேன்' என்று
டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனான் காந்தக்கையன்.
ஊர் பிழைத்தது.
நாற்பத்திரண்டில் அவன் நிலாவில் இருந்தான்.
ஆறாம் வகுப்பு நான். பதினைந்து பைசாக் கார்டில் எழுதினேன்:
ஐயா, அந்த வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டாரா?
வாசகர் பக்கத்தில் அது வரவேயில்லை.

இப்போது கிழவர் கேட்கிறார்:
'பேட்டரியே இருநூத்திப்பத்து சோடி மாத்தியிருக்கேன்.
துட்டு யாரு தருவா?'

காந்தக்கையன் தலைக்குமேல் பேச்சுக்குமிழ் இருக்கிறது,
உள்ளே ஒரு எழுத்தும் இல்லை.
மடங்காத காலை நீட்டிக்கொண்டு
கிழவர் பக்கத்தில் உட்காருகிறான்.
வெளிச்சம் தண்ணீர்மேல் கிடக்கிறது.

இமெல்டா எந்த ஊரோ.
யாரிடம் இரவல் வாங்கி நாற்பத்தொன்றை முடித்தாரோ.
நாற்பத்திரண்டை முன்னும் பின்னும் புரட்டி,
நிலாவுக்குப் பின்னால்கூட இருக்கிறாரா என்று
தேடியிருப்பார்.

மசூதுக்குப் போன் போட்டேன்.
கதையைச் சொல்லவில்லை.
'நாப்பத்தொன்னு ஒம்மகிட்ட கெடக்கா வே?'
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது.
'யாரு,' என்றான் மெதுவாக,
'லைட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னாம்லா,
அந்த வாட்ச்மேனா?'