மலைக்குக் கொசுறு

விடிகாலை நான்கு ஐந்துக்குக் கோவையிலிருந்து செய்தி:
"கிளம்பியாச்சு. கொசுறோடு."

ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்தில்
பாதியாகிவிடும் சரக்கு இது.
பதினான்கு கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம்,
மூச்சுவாங்கி நிற்கும் சிமென்ட் லாரி
எல்லாவற்றுக்கும் சேர்த்து
சைக்ளோட்ரானை இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டுவார்கள்.
அதைத்தான் கொசுறு என்போம்.

பிஸ்மத் தகட்டின் மேல் ஆல்ஃபாக் கற்றை.
வேகம் சற்று மிஞ்சினால் கூடவே நஞ்சும் விளையும்.
அளவாக அடித்தால்
அடியை உள்ளே வாங்கிவைத்துக்கொண்டு
அஸ்டட்டின் என்று பெயர் மாற்றிக்கொள்ளும்.
போய்ச் சேர்ந்த இடத்தில் திருப்பிக் கொடுக்கும்.

கேத்தி போஜன் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.
பரிசோதனைப் பட்டியலில் நான்காம் ஆள்.
இடுப்பெலும்பில் ஏழு புள்ளிகள்.
நகக்கண்ணில் இன்னும் கேரட் வயலின் மண்.

சைபுதீன் அழைத்தபோது குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்:
"பர்லியாறுல ஒத்தை யானைங்க. நடுரோட்டுல பலாப்பழம்.
ஹாரன் அடிக்கவா முடியும்?"

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதை
போஜன் பார்த்துவிட்டார். சொன்னேன்.
"மண்டிக்குக் கேரட் இறக்கினா
மூட்டைக்கு மூணு கிலோ கழிவு போடுவான்.
உங்க சரக்கு மேல ஏறும்போதே கழியுதாக்கும்!"
சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒன்பது மணிக்கு ஈயக்குடுவை வந்தது.
அளவியில் வைத்தேன்.
கொசுறு முழுவதையும் யானை தின்றிருந்தது.
எழுதிக்கொடுத்த அளவு மட்டும் மீதி,
ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எண்பது கிலோமீட்டர் மலையேறி வந்தது
இனி அவர் எலும்புக்குள்
ஒரு மயிரிழைத் தூரம் பாயவேண்டும்.
அதற்கு மேல் அதனால் முடியாது.
அதனால்தான் அதை வரவழைக்கிறோம்.

ஊசி இறங்கும்போது கேட்டார்:
"வழியில கழிஞ்சதெல்லாம் எங்கம்மா போச்சு?"

"பாதிக்கு மேல ஈயமாகிடும். அந்தக் குடுவை மாதிரியே."

"அப்ப எனக்குள்ளயும் ஈயமா?"

"எந்தத் தராசிலயும் தெரியாது."

"எங்க மண்டிக்காரன் தராசை
நீங்க பார்த்ததில்லை" என்றார்,
கண்ணை மூடிக்கொண்டு.

வெளியே சைபுதீன்
காலிக் குடுவைக்குக் கையெழுத்துக் கேட்டு நின்றார்.
சட்டையில் பலாப்பழ வாசனை.