பதினாலு நாள்

நேசதுரை முதல் நாள் வந்தது
பூவரசந் தடியோடு.
"எங்க அந்த நாய்?"
கேற்றைத் திறக்காமல் சொன்னேன்:
"அஞ்சாம் கூட்டில. தனிய."

பிள்ளையின் கெண்டைக்காலில் நாலு பல்.
சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டது
சந்திக் கடை றிஸ்வியாம். நல்ல காலம்.
ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டொக்டர்
தகப்பனிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறார்:
"நாய் உயிரோட இருக்கா?"

அந்தக் கேள்வியையும்
தடியைப் போலவே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினாலு நாள் நாய் சாகாமல் இருந்தால்
பிள்ளைக்குப் பயமில்லை.
இந்தக் கணக்கு விளங்க
ஒள்ளுப்பம் நேரம் எடுத்தது அவருக்கு.
தடி மதிலோரம் சாய்ந்தது.
இப்போதும் அங்கேதான் நிற்கிறது,
அதில் நான் கூட்டுத் துணி காயப்போடுகிறேன்.

நாற்பது நாய்க்கென்று கட்டின இடம் இது,
தாழங்குடாவில், கடல் இரைகிற மணலில்.
அறுபத்து மூன்று நிற்கின்றன.
விடியப்புறம் மதிலுக்கு மேலால் உரப்பை விழும்,
உள்ளே கண் திறக்காத குட்டிகள்.
போட்டவர்கள் புண்ணியம் செய்ததாக நினைத்து
நல்ல நித்திரை கொள்வார்கள்.
நான் பூச்சிமருந்து கலக்கி
பிரதேச சபைக்கு ஐந்தாவது கடிதம் எழுதுவேன்.
"பிடிச்சுக் கொண்டுபோய் எங்கயாவது விடுங்களன்"
என்பார்கள் போனில்.
எங்கேயாவது என்பது
இன்னொருத்தர் வீட்டு வாசல்தானே.

மூன்றாம் நாள் பின்னேரம்
சூன்பாண் வண்டிப் பாட்டு கேற்றடியில் நின்றது.
விற்காத பணிஸ் ஒரு பை.
நாய்க்கு என்று சொல்லவில்லை.
"மிஞ்சினது" என்றார்.
கம்பிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து
அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்தார்.
குடித்தது.
நாக்குச் சத்தத்தை
இவ்வளவு கவனமாகக் கேட்ட மனிசரை
நான் கண்டதில்லை.

மறுநாள் தெரிந்தது,
மதகுக்குள் மூன்று குட்டி.
றிஸ்வி போத்தல் மூடியில் பால்மா கரைத்து வைத்து
ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.
நேசதுரை வயிறு தேயப் படுத்து, கையை விட்டு,
பாண் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.
"இதுக்காகத்தான் கடிச்சிருக்கு" என்றார்.
மறுகா, "எண்டாலும் கடிச்சதுதானே" என்றார்.
இரண்டும் சரி.

ஒன்பதாம் நாள் அது சாப்பிடவில்லை.
மூலையில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி.
நான் போன் எடுக்கவில்லை, அவராகவே வந்தார்.
இருட்டும்வரை பேச்சில்லை.
மாமாங்கத்துக்கு நேர்ந்தாரோ என்னவோ
உதடு அசைந்தது.
பிள்ளைக்கா, நாய்க்கா?
அன்றிரவு இரண்டும் ஒரே நேர்த்திதான்.

பத்தரைக்கு எழும்பி உடம்பை உதறி
அவர் வைத்த சூரைத் தலையைக் கவ்விக்கொண்டு
குட்டிகளிடம் போனது.
அவர் அழுதார் என்று எழுதமாட்டேன்.
மூக்கைச் சீறினார்.

பதினைந்தாம் நாள் கேட்டார்:
"இனி என்ன செய்வீங்க?"
பால் வற்றட்டும், பிறகு ஒப்பரேசன்,
விசர் ஊசி, இடது காதில் சின்ன வெட்டு,
பிறகு அதே சந்தி.
"திரும்ப அங்கயா?"
"அந்த இடம் காலியாக் கிடந்தா
ஊசி போடாத ஒண்டு வந்து குந்தும், அண்ணன்.
இதை உங்களுக்குத் தெரியும்."
பதில் சொல்லவில்லை.
அடுத்த மாதம், பாண் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டு
அவரே ஏற்றிக்கொண்டு போனார்.
குட்டிகள் என்னோடு. இப்போது அறுபத்தைந்து.

வளர்க்க எடுத்தாரா என்று கேட்பீர்கள்.
இல்லை.
வினோஷா இன்றைக்கும் அந்தச் சந்தியில்
ரோட்டின் மற்றப் பக்கத்தால்தான்
பள்ளிக்கூடம் போகிறாள்.
நாயும் அவளைக் கண்டால் எழும்பி
மதகடிக்கு ஒதுங்கும்.
நடுவால் ஒரு பாண் வண்டி
பாட்டை நிறுத்தி
மெதுவாகப் போகும்.