இருநூற்றுப் பத்துக்கு அடுத்து

அபர்தீனில் மழைக்கு ஒதுங்கிய பழம்புத்தகக் கடையில்
ஐம்பது பென்ஸுக்குக் கிடைத்தது நாலாம் பாகம்.
வீட்டிலும் இருக்கிறது, டீக்கறையோடு, முதுகு உடைந்து.
இருந்தும் வாங்கினாள் இங்கா.
லெர்விக் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம்,
கப்பலில் துணை வேண்டுமே.

மந்திரமெல்லாம் இன்னும் மனப்பாடம்.
ஒன்பது வயதில் மரக்கரண்டியைச் சுழற்றி
ஆட்டுக்கொட்டகைக் கதவிடம் சொல்லிப் பார்த்தவை.
திறக்காதது தாழ்ப்பாளின் பிடிவாதம்
என்றுதான் நினைத்தாள்.

இப்போது பார்த்தால்
சூனியக்காரியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.
வீரச் சிறுவன் கொஞ்சம் அதிகம் பேசுகிறான்.

கப்பல் சாய்ந்து நிமிர்ந்தபோது
வந்தது அந்தத் தாள்.
அவள் புத்தகத்தில்
இருநூற்றுப் பத்துக்கு அடுத்து இருநூற்றுப் பதின்மூன்று.
அச்சகத்துத் தவறு என்றிருந்தான் அண்ணன் மாக்னி,
பதிமூன்று வயதின் முழு அதிகாரத்தோடு.

இதில்
பேசும் நரி பனியில் படுக்கிறது.
எழவில்லை.

மிச்ச மூன்று பாகமும் அதற்காகக் காத்திருந்தவள்;
கதையில் யார் கதவைத் தட்டினாலும்
நரிதான் என்று அவசரமாய்ப் பக்கம் புரட்டியவள்.

கிழித்த இடத்தில் ஒரு பிசிறுகூட இருந்ததில்லை.
மீன் அரியும் கத்தியாக இருக்கும்.

ப்ரெஸ்ஸே கலங்கரை விளக்கம் தெரிந்ததும்
கைபேசிக்கு உயிர் வந்தது.
மணி ஆறரை.
சால்மன் பண்ணைப் படகில் இருப்பான்.

“நரி செத்துப்போச்சா, மாக்னி?”

எஞ்சின் சத்தம். காற்று.
“எந்தப் பக்கத்துல இருக்க?”
“இருநூத்திப் பன்னெண்டு.”

யாரையோ கயிறை இழுக்கச் சொல்லிக் கத்திவிட்டு
திரும்பி வந்தான்.

“அதை மூடு.
வந்து நம்ம புத்தகத்துல படி.”