தொண்ணூறு பாகையிலும் போகாதது

அப்த் நகரில், கலவோன் ஆற்றோரச் சலவைக்கூடத்தில்
அந்த மலை எனக்கு
முதலில் கறையாகத்தான் அறிமுகம்.

ஜூன் பிறந்தால் போதும்.
விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாய்
வெள்ளைத் துவாய்கள்
காவி கட்டிக்கொண்டு வந்து இறங்கும்.
யாரோ கால் துடைத்திருப்பார்கள்,
யாரோ பிள்ளையின் முழங்காலை.
இன்றைக்கு எத்தனை பேர் துறவறம் என்று
எண்ணி எண்ணிப் பொறிக்குள் போடுவேன்.
தொண்ணூறு பாகை, இரண்டு முறை.
குளோரினுக்கு அடங்காது.
அமிலத்துக்குப் பாதி இறங்கும்;
மீதி, விளிம்புத் தையலில்
மெல்லிய மஞ்சளாய்க் குந்தியிருக்கும்.
அப்படியானதை எல்லாம் மதாம் விடியான்
கந்தல் பெட்டியில் எறியச் சொல்வார்.

ஐந்து வருடம் அந்த மலையோடு கைகலப்பு.
முகம் பார்த்ததில்லை.

எங்களுக்குச் செவ்வாய் விடுமுறை.
இரண்டு செவ்வாய், காற்று அதிகம், தீப்பயம் என்று
வாசலைப் பூட்டிவிட்டார்கள்.
மூன்றாம் செவ்வாய்
ஸொஹ்ராவின் பழைய ரெனோ
இருமிக்கொண்டே ருஸ்த்ரெல் வரை ஏறியது.

நுழைவில் ஒரு பலகை:
கயிற்றைத் தாண்டாதீர்கள், மண்ணை அள்ளாதீர்கள்,
பாறையில் பெயர் கீறாதீர்கள்.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி: சகாரா.

கார்தாயாவில் பிறந்தவள் ஸொஹ்ரா.
இடுப்பில் கைவைத்து நின்றாள்.
"இதுவா? இதை என் அம்மா
மத்தியானச் சமையலுக்கு முன்னே
கூட்டி அள்ளிவிடுவாளே."

ஆனாலும் வளைவு திரும்பியதும்
அவள் பேச்சு நின்றது.

செங்குத்தாய்ச் சிவப்பு. அதன்மேல் மஞ்சள்,
இடையில் ஓரிடத்தில்
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
தனித்தனித் தூண்கள், தலைக்கொரு கல்லை
விழவிடாமல் சுமந்தபடி.
மணலில் ஏதோ வண்டு ஓட்டிய தையல்.
பாதி வேர் அந்தரத்தில் தொங்க
ஒரு பைன் மரம், இன்னும் பச்சையாய்.
எங்கள் மூச்சுத்தான் அங்கே பெரிய சத்தம்.

"உன் ஊரும் இப்படியா?"
"எங்கள் செம்பாட்டில் வெங்காயம் விளையும்" என்றேன்.
வேறொன்றும் சொல்ல வரவில்லை. தேடவும் இல்லை.

இடிந்த தொட்டிகளின் அருகே இன்னொரு பலகை.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
முன்பு இங்கே மலையை வெட்டி
மண்ணை நீரில் அலசினார்களாம்.
கனத்த மணல் வழியிலேயே தங்கிவிட
காவி மட்டும் நீரோடு நடந்துபோய்
தொட்டிகளில் படியுமாம்.
காயவைத்து, பாளம் வெட்டி, விற்றார்களாம்.
கழித்துப்போட்ட மணல்தான் இந்தச் சகாரா.

மறுபடியும் வாசித்தேன்.

அப்படியென்றால் இதுவும் ஒரு சலவைக்கூடம்.
துணியை வைத்துக்கொண்டு
நிறத்தை வாய்க்காலில் விடுகிறேன் நான்.
நிறத்தை எடுத்துக்கொண்டு
மலையை விட்டுப்போனவர்கள் அவர்கள்.
எனக்கு மணிக்குப் பன்னிரண்டு ஐரோ.
அவர்களுக்கு என்ன கொடுத்தார்களோ, பலகையில் இல்லை.
முதுகு வலித்ததா என்றும் இல்லை.
மிச்சத்துக்கு மட்டும்
இப்போது காவலும் கயிறும்.

வெளிவாசலில் சப்பாத்துக்கு ஒரு தூரிகை.
நன்றாகத்தான் தேய்த்தோம்.
கார் இருக்கையில் ஸொஹ்ரா விரித்த துவாயில்
எனக்குத் தெரிந்த மஞ்சள் விளிம்பு.
"திருட்டு" என்றேன்.
"சேமிப்பு" என்றாள். ஏறி உட்கார்ந்தோம்.

புதன், காலை ஆறு மணி.
முதல் மூட்டையை அவிழ்த்தால்
பெரிய விரிப்பின் நடுவில் ஒரு சின்னக் கை,
ஐந்து விரலும் தெளிவாக.
தொண்ணூறில் போட்டேன்.
வட்டக் கண்ணாடிக்குள்
நீர் மெல்லச் சிவப்பதை
அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்,

அடுத்த மூட்டை எங்கே என்று
மதாம் கேட்கும் வரை.